நான்கு குழாய்களும் ஒரு பெட்டியும்

எங்கள் தோட்டத்தில் மாரியம்மனைக் கும்பிடுவதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. மாரியம்மன் பாட்டு யார் வீட்டுப் பக்கம் நன்றாகக் கேட்கிறது என்பதில்தான் சண்டை வந்தது. இலங்கை மலையகத்தில் லிந்துலையிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு டிவிசன்கள். கோயில் இரண்டுக்கும் நடுவில் ஆற்றோரமாக இருந்தது. நாங்கள் கீழ் டிவிசன். மேல் டிவிசன்காரர்கள் எங்களுக்கு மாமன் மச்சான் முறைதான், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தான். ஆனால் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் அவர்கள் யாரோ, நாங்கள் யாரோ.

முந்தின வருஷம்தான் எங்கள் திருவிழாவுக்கு முதன்முதலாக லவுட்ஸ்பீக்கர் வந்தது. ஒரே ஒரு குழாய். அதைக் கட்டியவர் எந்த நினைப்பில் கட்டினாரோ, குழாயின் வாய் எங்கள் லயத்து வரிசை வீடுகளைப் பார்த்து இருந்தது. மேல் டிவிசன் தலைவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் தேர் இழுக்க அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சுடுகுஞ்சுகூட வரவில்லை. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் விட்டது மாதிரி அவர்களுக்கு இருந்ததாம். எங்கள் ஆட்கள் மட்டும் வடம் பிடித்து, தேர் ஒரு பக்கமாக இழுபட்டுத் தேயிலைக்குள் இறங்கி, அம்மன் அன்று மாலை வரைக்கும் தேயிலைக்குள்ளேயே இருந்தாள்.

அதனால் இந்த வருஷம் முன்கூட்டியே கூட்டம் போட்டார்கள். இரண்டு டிவிசனிலும் சேர்த்து நான்கு லயங்கள். லயத்துக்கு ஒரு குழாய், ஆக நான்கு குழாய்கள் என்று ஒரே மனதாக முடிவாயிற்று. இந்த முடிவைப் பற்றி யாரும் கேட்காத ஒரே ஆள், அந்தக் குழாய்களைப் பேச வைக்க வேண்டியவர். அவர் என் மாமா.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் லயக் காம்பராவில் எங்களோடுதான் இருந்தார். ஆறு மாதமாகத் தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் நானாவின் ரேடியோக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். வேலை பழகுகிறேன் என்றார். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாத ஒரு வாலிபன் லயத்தில் இருக்கிறான் என்று கங்காணி அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது முடிவாகச் சொன்னார். “திருவிழா முடியட்டும் மச்சான். நானா உங்களை வேலைக்கு வச்சிக்கிட்டா நல்லது. இல்லாட்டி திங்கக்கிழமை பேர் பதிஞ்சிருங்க. கவ்வாத்துக் கத்தி ஒண்ணு வாங்கிக்குவோம்.”

நானாவும் இதே திருவிழாவைத்தான் சொல்லியிருந்தார். தனியாகப் போய், தனியாக நடத்தி, சாமானைச் சேதமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தால் கடையில் நிரந்தர ஆள். சேதமானால் அதோடு வேலைக்கு ஒரு கும்பிடு. மாமா பேர் பதிந்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போவதில் எனக்குக் கொஞ்சமும் விருப்பம் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. டவுனிலிருந்து வரும்போது சீனி முட்டாய் வாங்கிவரும் ஒரே மனிதர் அவர்தான். அதைவிட, கெட்டுப்போன ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷம் எனக்குப் பிடிக்கும். எங்கள் லயத்தில் வேலை பார்க்கும்போது சந்தோஷமாக இருந்த வேறு யாரையும் நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில், சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி வந்தது. கூடவே இரண்டு குழாய்கள். மாமா அப்பாவுக்கு விளக்கம் சொன்னார்.

“பெட்டி முப்பது வாட்ஸ் அத்தான். கொழா ஒண்ணு பதினஞ்சு. ரெண்டுக்கும் சரியாப் போச்சு. இது ரெண்டு பேருக்கு ஆக்குன சோறு. நாலு பேரு உக்காந்தா ஒருத்தருக்கும் பத்தாது. கூட்டி வச்சமுன்னா பானையே வெடிச்சிரும்.”

அப்பா பாக்டரியில் இஞ்சின் ரூமில் வேலை செய்தவர். “சோறு பத்தாட்டி பானை ஏன் வெடிக்குது?” என்று கேட்டார். மாமா பெட்டியை இன்னொரு பக்கமாகத் திருப்பி வைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கோ எல்லாம் புரிந்துவிட்டது. வகுப்பில் நான்தான் முதலாவது பிள்ளை, எனக்குப் புரியாதது என்று ஒன்றும் அப்போது இருக்கவில்லை.

இரண்டு குழாய்தான் வந்திருக்கிறது என்ற செய்தி மேல் டிவிசனுக்குப் போனது. தலைவர் சும்மா இருப்பவரா. அன்று மத்தியானமே கினிகத்தேனையில் யாரோ உறவுக்காரரிடம் கேட்டு இரண்டு குழாய்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். ஒவ்வொன்றின் வாயும் சுளகு அகலம் இருந்தது.

“இதையும் மாட்டுங்க தம்பி,” என்றார். “கொழா பெருசா இருக்கு. சத்தமும் பெருசா வரும்தானே.”

“சத்தம் கொழாவுல இல்லங்க தலைவரே, பெட்டியிலதான் இருக்கு. பெரிய கொழான்னா பெட்டிகிட்ட இன்னும் கூடக் கரண்டு கேக்கும்.”

“கேக்கட்டும். குடுங்க.”

சத்தம் குழாய்க்குள் இருக்கிறது என்பதில் இரண்டு டிவிசனுக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. கண்ணுக்கு நேரே குழாயிலிருந்துதானே வருகிறது. மாமா வேறு வழியில்லாமல் நான்கையும் மாட்டிப் பார்த்தார். பாட்டு, காய்ச்சல்காரர் முனகுவது மாதிரி வந்தது. கொஞ்சம் கூட்டினார், கரகரத்தது. பெட்டி சூடேறி ஒரு வாடை வர, உடனே அணைத்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. நாளைக்கு மேல் டிவிசன் குழாயைக் கழற்றினால் தேர் நின்றுவிடும். கழற்றாவிட்டால் பெட்டி போய்விடும், பெட்டியோடு வேலையும் போய்விடும். அவ்வளவுதான் கணக்கு, அது எனக்கே தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது பாட்டு கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு குழாய்களும் நான்கு திசையில் இருந்தன. மேல் டிவிசன்காரர்கள் புதுச்சேலையும் வேட்டியுமாக இறங்கி வந்தார்கள். தலைவர் எல்லோரிடமும், “எங்க பக்கம் கேக்குற மாதிரி உங்க பக்கம் கேக்காது. கினிகத்தேனைச் சாமானாச்சே,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமா அடக்கமாகத் தலையாட்டினார். எப்படிச் சரி செய்தார் என்று நான் கேட்கவில்லை. மாமாவால் முடியும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்.

காலையில் லேசாகத் தூறல் போட்டிருந்தது. நானும் என் கூட்டாளியும் ஆற்றில் காலை நனைத்துவிட்டுக் கோயில் படியில் ஓடி வரும்போது என் காலில் ஒரு வயர் மாட்டி இழுபட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை, ஓடிவிட்டேன்.

மத்தியானம் அன்னதானம் தொடங்கியது. பெட்டி, கோயிலுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டிலில் மேசைமேல் இருந்தது. மாமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா இரண்டு முறை ஆள் விட்டதும், “ரெக்கார்டு முடியிறதுக்குள்ள வந்துர்றேன் பாப்பா. இங்கயே இரு. எதையும் தொடாத,” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

நான் தொடாமல்தான் இருந்தேன், மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கும்வரை. அங்கே ஒரு சாக்குக்குக் கீழே இரண்டு வயர்கள் அறுந்த வால் மாதிரிக் கிடந்தன. நுனியில் செம்பு பளபளத்தது. அவை எங்கே போகின்றன என்று கண்ணாலேயே தொடர்ந்து போனேன். கோயில் படி, கம்பம், அங்கிருந்து மேல் டிவிசனைப் பார்த்த பெரிய குழாய்கள். காலையில் என் காலில் மாட்டியது இதுதான். அந்தக் குழாய்கள் காலையிலிருந்து ஊமையாக இருக்கின்றன, இன்னும் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தால் தேர் நிற்கும், சண்டை வரும், மாமா கவ்வாத்துக் கத்தியோடு நிற்பார், எல்லாம் என்னால்.

பெட்டியின் பின்பக்கம் இரண்டு திருகாணிகளில் மற்ற வயர்கள் சுற்றியிருந்தன. அதற்கு ஒரு சாண் தள்ளிப் பலகையில் கரண்டு ஓட்டை. அப்போது யாரிடம் பிளக் இருந்தது, பாக்டரியிலிருந்து வந்த கரண்டு வயரை ஓட்டையில் விட்டு இரண்டு தீக்குச்சியைச் சொருகி வைத்திருந்தார்கள். ஈரக் காலோடு மண் தரையில் நின்றுகொண்டு, இந்தச் செம்பை அந்தத் திருகாணியில் அழகாகச் சுற்றினேன். இரண்டாவதைச் சுற்றும்போது விரலில் சுருக்கென்று ஏதோ கடித்தது. ரெக்கார்டில் பாடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது.

சத்தம் குறைந்தால் என்ன செய்வது என்றுகூடவா தெரியாது எனக்கு. முன்பக்கம் போய்க் குமிழைக் கடைசிவரை திருகினேன். நான்கு திசையிலும் ஒரே நேரத்தில் தகரம் கிழிவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து மெழுகு கருகும் வாடை வந்தது.

மாமா பந்தியிலிருந்து ஓடி வந்தார். அடுத்தவர்களின் இலைகளைத் தாண்டிக் குதித்து வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அதற்காக அவரை ரொம்ப நாள் திட்டினார்கள். வந்த வேகத்தில் கரண்டு வயரைப் பிடுங்கி எறிந்தார். பாட்டு நின்றது. நான் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பினார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். அவர் கையிலிருந்த சோறும் சாம்பாரும் என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

“எங்க தொட்ட?”

“அந்தத் திருகாணில.”

“இங்க? இந்தத் தீக்குச்சி பக்கம்?”

“இல்ல மாமா.”

குனிந்து என் ஈரக் காலைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெட்டி கருகிக் கிடக்கிறது, திங்கட்கிழமை பேர் பதிய வேண்டும், இந்த மனிதர் சிரிக்கிறார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அதற்குள் மேல் டிவிசன் தலைவர் வந்துவிட்டார். “என்ன தம்பி, எங்க கொழா நின்னுபோச்சு?”

“பெட்டிக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கணுங்க தலைவரே. நாலு கொழாவையும் இழுத்து நிக்கிதுல்ல.”

“அதுவும் சரிதான். பெரிய கொழாவாச்சே,” என்று அவர் திருப்தியோடு போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமா என் காதில் சொன்னார். அந்த இரண்டு குழாய்களையும் அவர் பெட்டியில் மாட்டவே இல்லை. பார்வைக்கு வயரை மட்டும் இழுத்துக் கட்டியிருந்தார். நம் குழாய் ஒன்றைக் கொஞ்சம் திருப்பி வைத்ததில், அதன் சத்தம் மேல் டிவிசனுக்குப் பின்னால் இருக்கும் கற்பாறையில் பட்டுத் திரும்பி அவர்கள் முற்றத்தில் விழுந்தது. “யாருகிட்டயும் சொல்லாத,” என்றார். நான் இதுவரை சொல்லவில்லை. இதைப் படிக்கும் மேல் டிவிசன்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அப்பா வந்து நின்றார். மூக்கை உறிஞ்சி வாடையைப் பிடித்தார்.

“போயிருச்சா?”

“தெரியல அத்தான். ஆறட்டும்.”

அரைமணி நேரம் காத்திருந்தோம். காலையிலிருந்து பாட்டுச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த தப்பு மேளக்காரர்கள் இதுதான் சமயம் என்று வெளுத்து வாங்கினார்கள். சனங்களும் அங்கே போய்க் கூடிவிட்டதால் பெட்டியை யாரும் தேடவில்லை. அம்மா மட்டும் பந்தியில் கரண்டியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா நான் சுற்றிய வயரைப் பிரித்துச் சாக்குக்குக் கீழே போட்டார். குமிழைக் கீழே இறக்கினார். தீக்குச்சியை மறுபடி சொருகினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டிக்குள் ஒரு கண்ணாடி வால்வு மங்கலாகச் சிவந்தது. அடுத்தது சிவந்தது. கடைசி வால்வு வரக் கொஞ்சம் தாமதித்தது, வந்தது. குழாய்கள் மெல்ல இரைந்தன, மாமா ஊசியை வைத்தார், பாட்டு பழையபடி எழுந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடம் பிடிக்கப் போனார். அம்மா சோறு போடத் திரும்பினாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அன்று தேரை இரண்டு டிவிசனும் சேர்ந்து இழுத்து, அது தேயிலைக்குள் இறங்காமல் நிலைக்கு வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை மாமா பெட்டியோடு பஸ்ஸில் போனார். நானாவிடம் தானே குமிழைக் கூட்டிவிட்டதாகச் சொன்னாராம். நானா பெட்டியைத் திறந்து மோந்து பார்த்து, கொஞ்சம் ஏசிவிட்டு, “அடுத்த கிழமை பட்டிப்பொலயில ஒரு கலியாணம், நீயே போ,” என்றாராம். அன்று எங்கள் காம்பராவில் ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் அரைத்தார்கள். அப்பா கங்காணி வீட்டுக்கு நடந்து போய், மச்சானுக்கு டவுனில் வேலை என்று சொல்லிவிட்டு வந்தார்.

இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், குழாய் ரகசியத்தை மட்டும் விட்டுவிட்டு. பெட்டி பிழைத்ததில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, தரையில் உட்கார்ந்து சிரித்தார் என்றுதான் சொல்வேன். கேட்டவர்களும் சிரிப்பார்கள். என் மகள் நடக்கப் பழகிய வயதில் ஒருநாள் சுவரில் இருந்த பிளக் ஓட்டையில் விரலை வைக்கப் போனாள். நான் பாய்ந்து பிடித்து, அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காரணமில்லாமல் சிரித்தேன். அப்போதுதான் நான் இத்தனை வருஷமாகக் கதையை முன்னுக்குப் பின்னாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. மாமா சிரித்தபோது பெட்டி இன்னும் பிழைக்காமல் இருட்டாகத்தான் இருந்தது.