உயிரோடு இருப்பவர்களுக்கான இலவச மென்பொருள்

வருமான வரி ரிட்டர்ன் போட எந்த இலவச மென்பொருள் நல்லது என்று நான் தேட ஆரம்பித்தது என் கணவர் செத்த பிறகுதான். அவர் இருந்தவரை அந்தக் கவலை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்த லைனில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே ஆள்தான் ரிட்டர்ன் போடுவார். பாகலூர்க்காரர், என் கணவரைவிடக் கொஞ்சம் இளையவர். வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். ஓசூரில் பாதிப்பேர் அப்படித்தான்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் கூடுவார்கள். நடுவில் லேப்டாப். ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். பாகலூர்க்காரர் தட்டுவார், அவரவர் போனில் ஓடிபி வந்து விழும், அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றே: லைன் நம்பரும் தொழிற்சாலையின் பெயரும். ஒளிக்க யாரிடமும் ஒன்றும் இல்லை என்பதால் யாருக்கும் அதில் பயமும் இல்லை. வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வாங்கினவர்களும் அங்கே யாருமில்லை. வண்டிக்கோ வீட்டுக்கோ லோன் கேட்டுப் போனால் வங்கியில் ரிட்டர்ன் கேட்பார்கள், அதற்காகத்தான் இந்தத் திருவிழா. வேலை முடிந்ததும் பிரியாணி. என் கணவர் அன்றைக்கு மட்டும் ஏப்பம் விட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவார். "கவர்மெண்டுக்கே கணக்குக் காட்டிட்டு வந்துட்டேன், நீ வேற கேக்காத" என்பார்.

சித்திரை மாதம், நைட் ஷிஃப்ட் முடித்து வண்டியில் வந்தவரைத் தொழிற்பேட்டை முக்கில் ஒரு லாரி அடித்தது. விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது, நல்ல வெளிச்சம். அதை இன்னமும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இருட்டில் நடந்திருந்தால் இருட்டைத் திட்டியிருப்பேன்.

வழக்கு கிருஷ்ணகிரியில். எங்கள் வக்கீல் நிதானமான மனிதர், கெட்ட செய்தியைக்கூட டீக்கு ஆர்டர் கொடுப்பதுபோலச் சொல்வார். "நஷ்ட ஈட்ட உங்க வீட்டுக்காரரோட வருமானத்த வெச்சுத்தாம்மா கணக்குப் போடுவாங்க. மத்த வருஷத்து ரிட்டர்ன் எல்லாம் இருக்குது. கடைசி வருஷம் இன்னும் போடல. அவரு சம்பளம் ஏறுனதே அந்த வருஷந்தான். அத வாரிசுங்கற முறையில நீங்க போடணும். அவரே போட்ட மாதிரி எதையாச்சும் செஞ்சு வெச்சிடாதீங்க. தேதியப் பாத்தா எதிர்த்தரப்பு வக்கீல் கிழிச்சுப் போட்ருவாரு. அப்புறம் நல்ல பேப்பரையும் நம்பமாட்டாங்க."

என் மகள் அப்போது யூகேஜி. அவளைப் படிக்கவைக்க எனக்கு இருந்தது என்னுடைய தையல் யூனிட் சம்பளமும் இந்த வழக்கும்தான். ஆகவே தேடினேன்.

இலவசம் என்ற சொல்லுக்கு இணையத்தில் தனி அர்த்தம் இருக்கிறது. முதலில் கிடைத்த மென்பொருள் கடைசிப் பக்கம் வரை இலவசம். கடைசிப் பக்கத்தில், அவர் வருஷத்தின் நடுவில் காண்ட்ராக்டரிடமிருந்து கம்பெனிக்கு நேரடியாக மாறியவர், இரண்டு இடத்துச் சம்பளம் இருக்கிறது, எனவே உங்களுக்கு இலவசம் பொருந்தாது என்றது. ஏழு வருஷம் காண்ட்ராக்டில் இழுத்தடித்துவிட்டு அந்த வருஷம்தான் அவரை நிரந்தரம் ஆக்கியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கும் பில் போட்டது மென்பொருள்.

இரண்டாவது உண்மையிலேயே இலவசம். மொட்டை மாடித் திருவிழாவில் பாகலூர்க்காரர் பயன்படுத்துவதும் அதுதான். அழகான பச்சை நிறம், சிரித்த முகங்கள். ஆனால் ஆள் இறந்துவிட்டார் என்று சொல்ல அதில் ஓர் இடமும் இல்லை. மூலையில் உதவிக்கென்று ஒரு கட்டம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இந்தப் பான் எண்ணுக்குரியவர் காலமாகிவிட்டார், நான் அவருடைய மனைவி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அருமை, தொடங்கலாம், அவருடைய பான் எண்ணைக் கொடுங்கள் என்று உடனே பதில் வந்தது. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடித்தால் வேறு போன் வாங்க வேண்டும், அதனால் அடிக்கவில்லை.

மூன்றாவது அரசாங்கத்தின் சொந்தத் தளம். அதுவும் இலவசம். இறந்தவருக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் நான் முதலில் அவருடைய வாரிசு என்று பதிவு செய்ய வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு என் மாமியாரின் ஆதார் அட்டை வேண்டும், ஏனென்றால் மகனுக்குத் தாயும் வாரிசு.

அங்கேதான் சிக்கல். மாமியார் பாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தவர். காரியத்துக்கு வந்தவர் எங்களோடே தங்கிவிட்டார். ஆதார் அட்டையை ஒரு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தார். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்னாத்துக்கு கண்ணு அது? என் புள்ளைய வெச்சுக் காசு வாங்கறதுக்கா? நான் தரமாட்டன்."

"உங்களுக்கு இல்ல அத்தை. உங்க பேத்திக்கு."

"யாருக்கா இருந்தாலும் தரமாட்டன்."

வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டமாகிவிட்டிருந்தது. 'செத்துப்போனார்' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. 'அன்னைக்கி நடந்தது', 'அவன் இல்லாத வேளை' இப்படித்தான் பேச வேண்டும். என் கணவரின் போன் ஒரு மூலை நொறுங்கி, மற்றபடி நன்றாகவே இருந்தது. அதை மாமியார்தான் வைத்திருந்தார். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே சார்ஜில் போடுவார், முந்தானையால் துடைப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஏதாவது சத்தம் வந்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். "கண்ணு, அவனுக்கு ஏதோ வந்திருக்குது பாரு." சேலைத் தள்ளுபடி, லோன் வேண்டுமா, ரீசார்ஜ் முடியப்போகிறது. நான் படித்துச் சொல்வேன். வங்கி வேலைக்கு அந்த எண் வேண்டியிருந்ததால் மாதாமாதம் ரீசார்ஜும் செய்தேன். மாமியார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

ஜூலைக் கடைசி நெருங்கியது. அந்த வருஷம் மாடியில் யாரும் கூடவில்லை. பாகலூர்க்காரர் ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் போட்டுக்கொடுத்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்கும் லேப்டாப்போடு வந்தார். நான் கூப்பிடவில்லை. அவர் வராமல் இருந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

வக்கீல் சொன்னதைச் சொன்னேன். அவர் கையை ஆட்டினார். "அண்ணி, வாரிசு சர்டிபிகேட் எப்ப வர்றது, எப்ப போடறது? டேட் முடிஞ்சா ஃபைன் வேற. அண்ணன் போன்தான் ஆன்ல இருக்குதே. அஞ்சே நிமிஷம். ஓடிபி மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

எனக்கும் ஆசை வந்தது, மறுக்க மாட்டேன். தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டாம். மாமியாரோடு சண்டை வேண்டாம். சரி, உள்ளே என்ன இருக்கிறது என்றாவது பார்ப்போம் என்றேன். அவர் அந்தப் பச்சை மென்பொருளைத் திறந்து தட்டினார். உள்ளே மாமியாரின் மடியில் இருந்த போன் கூவியது.

அவர் எழுந்து ஓடிவந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். "கண்ணு, அவனுக்கு வந்திருக்குது!" எண்ணைப் படித்தேன். பாகலூர்க்காரர் அடித்தார். திரையில் என் கணவரின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. மீண்டும் வருக என்று அவரை வரவேற்றது. பிறந்த தேதி, முகவரி, சம்பளம், எல்லாம் தானாக வந்து நிரம்பின. எங்கும் ஒரு குறையும் இல்லை. அந்த மென்பொருளுக்குள் அவர் நைட் ஷிஃப்டை முடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்திருந்தார்.

"பாத்தீங்களா, எவ்ளோ ஈஸி" என்றார் பாகலூர்க்காரர். அவர் குரலும் சரியாக இல்லை.

கடைசியில் உறுதிமொழி வந்தது. இன்னாரின் மகனாகிய நான், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறேன். இன்னார் என்ற இடத்தில் மாமனாரின் பெயர். பெற்றவளின் பெயரை அங்கே யாரும் கேட்பதில்லை. எந்தத் தகுதியில் கையெழுத்திடுகிறீர்கள் என்ற இடத்தில் 'தானே' என்று இருந்தது. வேறு எதையும் தேர்ந்தெடுக்க வழியில்லை. மறுபடி போன் கூவியது. மாமியார் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பாகலூர்க்காரர் விரலைத் தயாராக வைத்திருந்தார்.

"சொல்லுங்க அண்ணி."

"வேண்டாம்."

"அண்ணி, டைம் போயிடும்."

"போகட்டும். அவர் எங்க உறுதி சொன்னாரு? கோர்ட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது, செத்தவர் எந்திரிச்சு வந்து ஓடிபி சொன்னாருன்னா?"

சொல்லிவிட்டேன். மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். மாமியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "அவர் செத்துட்டாரு அத்தை. நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன். நீங்க கார்டைக் குடுக்கலேன்னா அவர் திரும்ப வந்துட மாட்டாரு. உங்க பேத்திக்குத்தான் ஒண்ணும் கிடைக்காது."

பாகலூர்க்காரர் லேப்டாப்பை மூடினார். "நான் நல்லதுக்குத்தான் வந்தேன் அண்ணி" என்றார். "தெரியும்" என்றேன். ஊற்றி வைத்த காபியைக் குடிக்காமல் போய்விட்டார். மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம், லாரிக்காரன்மேல் கோபம், மீண்டும் வருக என்று சொன்ன அந்தப் பச்சைத் திரைமேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம்.

மறுநாள் காலையில் என் டிபன் பாக்ஸ் மேல் ஆதார் அட்டை இருந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அலைச்சல். என் கணவரின் நிரந்தர முகவரி கிராமத்து முகவரி என்பதால் போச்சம்பள்ளி தாலுகா. லீவு போட்டுக்கொண்டு மத்தூர் வழியாக பஸ் மாறி மாறிப் போனேன். கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரித்தார். எழுத்துத் தெரியாத மாமியார் கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு மையைத் துடைக்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் துடைத்துவிட்டேன். வாரிசுச் சான்றிதழ் வந்ததும் அரசாங்கத் தளத்தில் எல்லாவற்றையும் ஏற்றினேன். கோப்பு பெரிதாக இருக்கிறது என்றது, சிறிதாக்கினால் தெளிவாக இல்லை என்றது. ஒருவழியாக என்னை வாரிசாக ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தபோது கெடு முடிந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. தாமதத்துக்குக் கட்டணம் உண்டு. மென்பொருள் மட்டும்தான் இலவசம்.

ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்தேன். என் பெயரில் நுழைந்து, அவருக்காக என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தளம் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. இறந்த தேதி கேட்டது, கொடுத்தேன். எந்தத் தகுதியில் என்ற இடத்தில் 'சட்டப்படியான வாரிசு' என்று இருந்தது. அதைத் தொட்டேன். அவரை நான் ஒருதரம் சுடுகாட்டுக்கு அனுப்பியிருந்தேன், இது இரண்டாவது தரம்.

நான் என்ன செய்கிறேன் என்று மாமியாருக்குத் தெரியும். கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகனின் போனைத் துடைத்து மடியில் வைத்திருந்தார். போன தடவை வந்ததுபோல இப்போதும் அதில்தான் வரும் என்று காத்திருந்தார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். சார்ஜ் இருக்கிறதா என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு பேரும் அந்த நொறுங்கிய மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சத்தம் என் போனிலிருந்து வந்தது.

மாமியார் தன் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். "இதுல வரலியா?"

"இல்ல அத்தை. வாரிசு போட்டா வாரிசுக்குத்தான் வருமாம். எனக்கு வந்திருக்கு."

"இனிமே இதுல வராதா?"

"வராது."

அவர் முந்தானையால் அதை இன்னொருதரம் துடைத்தார். பிறகு போனை என் பக்கமாகத் தரையில் வைத்தார்.

"அப்பறம் என்னாத்துக்குக் கண்ணு மாசாமாசம் இதுக்குக் காசு போடற? இனிமே போடாத."

எனக்குத் திரை கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தபோது ஓடிபியின் நேரம் முடிந்துபோயிருந்தது. இன்னொன்று அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அதுவும் என் போனுக்கே வந்தது.