உண்டியலுக்குப் போன ரீல்

ஆந்திரம் தனி மாநிலமான புதிதில் சித்தூரில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எந்த ஊர் இங்கேயே நிற்கும், எந்த ஊர் மதராஸ் பக்கம் போகும் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. தமிழ்க்காரர்களைத் தூக்கி எங்கே போடுவார்களோ என்று கூட இருந்தவர்களெல்லாம் தவித்துக்கொண்டிருந்தபோது, நான் பழைய தூண்டில் ரீல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் நான் மீன் தின்பதில்லை. எங்கள் ஊர் ஆற்றில் முக்கால்வாசி நாள் மணல்தான். வெள்ளைக்காரத் துரைகள் லீவு கிடைத்தால் காவிரிக்கும் ஊட்டிக்கும் போய் மீன் பிடித்தவர்கள். கப்பல் ஏறும்போது தூண்டில் சாமான்களைச் சமையற்காரரிடமும் பங்களா காவல்காரரிடமும் விட்டுவிட்டுப் போனார்கள். ரீல் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை உருளை. தூண்டில் கயிற்றைச் சுற்றி வைப்பதற்கு. பக்கத்தில் சின்னக் கைப்பிடி இருக்கும். திருப்பினால் உள்ளே பல்சக்கரம் கிர்ரென்று ஓடும். அந்தச் சத்தத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் மனசு அடங்கும். அப்புறம் அடுத்தது எங்கே என்று கால் பரபரக்கும். ஆபீஸில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

புத்தூரில் வயதான பட்லர் ஒருவர் இருந்தார். ரயில்வே இன்ஜினீயர் துரையிடம் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்த மாதிரி ஒரு ரீலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யானைத்தந்தக் கைப்பிடி, கீறல் விழாத பித்தளை. நான் போகும்போதெல்லாம் கையில் கொடுப்பார், திருப்பிப் பார்க்க விடுவார், பிறகு வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். எல்லைப் பேச்சு சூடானதும் வேலூரில் இருந்த மகனிடமே போய்விடுவதென்று முடிவு செய்தார். மூட்டை கட்டுகிற அவசரத்தில், "இத்தத் தூக்கிக்கினு அங்க போயி நான் இன்னா பண்ணப் போறேன்? நீங்களே வெச்சுக்கங்க சார்" என்று நீட்டிவிட்டார்.

வேட்டி மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் கூட்டம். எங்கள் மூன்று வயது மகள் ஜுரத்தில் கண் செருகிக் கிடந்தாள். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இனி கடவுள் விட்ட வழி என்று சொல்லிப் போயிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஏழுமலையானே, கொழந்த கண்ணத் தொறக்கட்டும். இந்த நிமிஷம் எங்க ரெண்டு பேரு மேல இன்னா இன்னா இருக்குதோ அத்தனையும் ஒனக்கு."

எங்கள் பக்கத்தில் இதற்கு நிலுவு தோபிடி என்று பெயர். வேண்டிக்கொண்ட நேரத்தில் உடம்பில் கிடப்பதைக் கழற்றித் திருமலை உண்டியலில் போட வேண்டும். அதற்குப் பதில் இது என்று மாற்றக் கூடாது.

குழந்தை பிழைத்தது. கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டபோது நான் விக்கி விக்கி அழுதேன். ஆனால் மலைக்குப் போகும் நாள் நெருங்கியதும் எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

"ரீல் என்ன நகையா? சாமிக்கு எதுக்குடி தூண்டில்?"

"நகை மட்டும்னு நான் வேண்டிக்கல. அது ஒங்க மடியில இருந்துச்சு இல்ல?"

வேறு ரீல் ஒன்றைப் போடுகிறேன் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மலையில் அவள் வளையல், தோடு, மூக்குத்தி, தாலியில் கோத்திருந்த பொன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றோடு நகர்ந்தாள். நான் மோதிரத்தைப் போட்டேன். ரீலைப் பிடித்த கை மட்டும் திறக்க மாட்டேன் என்றது. பின்னாலிருந்து ஒருவர் தெலுங்கில், "கானிவ்வண்டி சாமி" என்று அவசரப்படுத்தினார். விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. வீட்டிலிருந்த மற்ற ரீல்களைத் திருப்பினால் எரிச்சல்தான் வந்தது. உண்டியலில் விழுகிற பித்தளைச் சாமான்களைக் கீழே திருப்பதியில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். லீவு போட்டு லீவு போட்டு ஏலத்துக்குப் போனேன். ஒருநாள் சொம்புக்கும் மணிக்கும் நடுவே அது கிடந்தது. குவியல் முழுவதையும் கேட்ட பாத்திரக் கடைக்காரரோடு அடிதடிக்குப் போகாத குறையாக மல்லுக்கட்டி வாங்கினேன். பஸ்ஸில் நான் அதைத் திருப்பிய திருப்பில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

மனைவி ஆடித் தீர்ப்பாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள்.

"நாம குடுத்தோம், சாமி ஏலத்துல வுட்டுட்டாரு. திருடிக்கினா வந்தீங்க? நிம்மதியா வெச்சுக்கங்க."

மறுநாள் காலையில் மகள் தும்மினாள். பிறகு மூக்கு ஒழுகியது.

"மழையில ஆடுனா, சளி புடிச்சுக்கிச்சு. அவ்ளோதான்" என்றாள் மனைவி.

நெற்றியைத் தொட்டேன். சுடவில்லை. பக்கத்து வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஜுரம் இல்லை. ஆபீஸுக்குப் போனேன், உட்கார முடியவில்லை, திரும்பி வந்து மறுபடி தொட்டேன். வேண்டுதல், பரிகாரம் என்று யாராவது ஆரம்பித்தால் பேசியே விரட்டுகிறவன் நான். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ரீலை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

"எங்க கெளம்பிட்டீங்க? கொழந்தைக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினே இருக்கேன்!"

"தெரியும். எனக்குத்தான் முடியல" என்றேன்.

திருப்பதிக்கு ஒரு பஸ், மலைக்கு ஒரு பஸ், அப்புறம் வரிசை. இந்த முறை யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கடைசியாக ஒரு தடவை கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். மனைவி என் மடியைப் பார்த்தாள்.

"இத்தினி கஷ்டப்பட்டு வாங்கினு வந்தீங்களே. மறுபடியும் ஏலத்துக்குத்தான வரும்?"

"வரட்டும்" என்றேன். "புள்ளகுட்டி இல்லாதவன் எவனாவது வாங்கிக்கட்டும்."