பாப்பா தொட்டி

அறிவியல் டீச்சருக்கு வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பது இரண்டு மண்தொட்டிகளின் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது நினைத்தாலும் அவருக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் அது. வருடக் கடைசியில் தலைமையாசிரியை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை, பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த அம்மாளோ லேசில் மசிகிற ஆள் இல்லை. டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சோதனையைத் திட்டமிட்டார். ஒரே அளவுத் தொட்டி, ஒரே மண், ஒரே பையிலிருந்து எடுத்த அவரை விதை, ஒரே ஜன்னல். முளைத்து இலை விட்டதும் ஒன்றுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்திவிடுவது. எதைச் சோதிக்கிறோமோ அதைத் தவிர மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது நியாயமான சோதனை என்று பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார், போங்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று தொட்டிகளுக்குப் பெயர் வைக்க விட்டதுதான் வினை. தண்ணீர் குடிக்கிற தொட்டிக்கு 'அண்ணன்' என்று வைத்தார்கள். பட்டினி கிடக்க வேண்டியதற்கு 'பாப்பா'.

தலைமையாசிரியை வந்த அன்று அண்ணன் சுமாராக நின்றான். பாப்பாவோ தளதளவென்று ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். யார் தண்ணீர் ஊற்றியது என்று டீச்சர் கேட்டதும் முன்பெஞ்சுப் பெண் அழுதுகொண்டே எழுந்தாள்.

"பாவமா இருந்துச்சு டீச்சர். நான் மட்டும்தான், கொஞ்சூண்டு ஊத்துனேன்."

பின்னாலிருந்து ஒருவன், தானும்தான் என்றான். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வகுப்பே எழுந்து நின்றது. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் ஊற்றுவதாக நினைத்திருந்தார்கள். அத்தனை பேர் ஊற்றியும் செடி அழுகாமல் பிழைத்ததே பெரிது!

வேலை போயிற்று என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டார். தலைமையாசிரியை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

"சோதனை குட்டிச்சுவராப் போச்சு. அடுத்த வருஷம் பேர் வைக்காம செய்யுங்க."

அடுத்த வருடம் என்று அவர் சொன்னது மண்டையில் ஏறவே டீச்சருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதன்பின் தொட்டிகளில் 'அ', 'ஆ' என்று எழுதி ஒட்டினார். ஓய்வு பெறும்வரை சோதனை ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஆனால் அந்த மாதிரி ஒரு வகுப்பும் அவருக்கு மறுபடி வாய்க்கவில்லை.

இப்போது கணவர் இல்லை. முழங்கால் வலியோடு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். இன்று மதியம் முன்பெஞ்சுப் பெண் வந்தாள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. சாப்பாட்டு கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சாப்பாடு கொண்டுவர்றதை யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க டீச்சர். என்னை விட்டா உங்களைப் பாக்க வேற யார் இருக்கா?"

டீச்சர் தலையை ஆட்டி அவளை வழியனுப்பினார். சமையலறையில் ஏற்கெனவே இரண்டு கேரியர்கள் இருந்தன. கொண்டுவந்த இருவரும் அதே வகுப்புதான், இதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துவிட்டு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை யாரையும் எழுப்பி நிறுத்திக் கேட்கிற உத்தேசம் அவருக்கு இல்லை.