வரைபடத்தில் ஒரே ஒரு பியானோ

செந்தமிழ்ச்செல்விக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. முதலியார்பேட்டையில் ஒரு மில் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவள். மில் மூடியபிறகு அப்பா ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். இவள் படித்து முடித்து லாஸ்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில், கூடத்து மூலையில் ஒரு பியானோ இருந்தது. தனியாகக் கட்டணம் கட்டியவர்கள்தான் அதன்முன் உட்காரலாம். ஒருநாள் துணியால் துடைக்கிற சாக்கில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். சத்தம் கூடம் முழுக்கப் போனது. யாரோ அதட்டினார்கள், ஓடிவிட்டாள். அவளுக்கும் பியானோவுக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து பிரான்சிலிருந்து அந்த வேலை வந்தது. அங்கே ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் பியானோ வைத்திருப்பார்களாம். போகிற வருகிற யாரும் உட்கார்ந்து வாசிக்கலாம். பக்கத்தில் எங்கே பியானோ இருக்கிறது என்று காட்டும் செயலி வேண்டும் என்றார்கள். செல்வி அதில் மூழ்கிப்போனாள். திறந்த உடனே பெயரையும் மின்னஞ்சலையும் கேட்டு ஆளை மறிக்கக்கூடாது, நேரே வரைபடம்தான் வரவேண்டும் என்று முதலாளியிடம் மல்லுக்கு நின்றாள். திரையெல்லாம் தயாரானபிறகு, வேறு ஏற்பாடு செய்துகொண்டோம் என்று அங்கிருந்து இரண்டு வரி வந்தது.

"நம்ம ஊருக்குன்னு போட்டுட்டா இன்னா?" என்று முஆஸிடம் கேட்டாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவன் அவன்.

"நம்ம ஊர்ல பியானோ எங்கக்கா இருக்கு?"

"தேடுனாதான தெரியும்."

முதலாளி, வேலை நேரத்தில் செய்யாதீர்கள் என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமைகளில் இருவரும் ஸ்கூட்டரில் அலைந்தார்கள். வெள்ளைக்கார வீதி ஓட்டலின் வரவேற்பறையில் பளபளவென்று ஒன்று நின்றது. தங்குகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். ஒரு காப்பிக் கடையில் பியானோவின் மேல் கேக் அடுக்கியிருந்தார்கள், உள்ளே கம்பியே கிடையாது. ஒரு மாதா கோயிலில் பாதிரியார் அன்பாகப் பேசிவிட்டு, பாடகர் குழு ஒப்புக்கொள்ளாது என்றார். பழைய வீடு ஒன்றில், எங்களிடம் இருக்கிறதென்று யார் சொன்னது என்று கேட்டு ஜன்னலைச் சாத்தினார்கள்.

கடைசியில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த ஒரு சங்கக் கட்டடத்தில் கிடைத்தது. யாரோ பிரான்சுக்குக் குடிபோகும்போது விட்டுப்போன பியானோ. சங்கச் செயலாளர் சாமிக்கண்ணு யோசித்துத் தலையாட்டினார். "உள்ளாற கூட்டம் நடக்கும்மா. வராண்டாவுல வெச்சிக்க. ஞாயித்துக்கிழம மட்டும் வாசிக்கட்டும்."

வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி விழுந்தது. ஞாயிறுதோறும் செல்வி அங்கே போய் உட்கார்ந்தாள். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தடதடவென்று தட்டிவிட்டுப் போனார்கள். யாரும் இல்லாதபோது, செல்போனில் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் ஒரு தாலாட்டின் முதல் அடி வரைக்கும் அவள் பழகியிருந்தாள்.

ஐப்பசியில் புயல் வந்தது. பியானோவை உள்ளே தள்ளச் சொல்லி சாமிக்கண்ணுவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள், அவர் எடுக்கவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். மழை விட்டு இவள் போய்ச் சேர்ந்தபோது, நனைந்து ஊறிய பியானோ பின்பக்கத்துச் சாமான் கொட்டகைக்குப் போயிருந்தது. சென்னையிலிருந்து வரவழைத்த சுருதி சேர்ப்பவர் மூடியைத் திறந்து பார்த்தார். "பலகை விரிஞ்சி போச்சும்மா. இதுல கை வைக்கிறது வேஸ்ட்டு."

புள்ளியை அன்றே எடுத்திருக்க வேண்டும். முஆஸும் கேட்டான். "இருக்கட்டும், வேற கெடச்சா மாத்திக்கலாம்" என்றாள். அதை எடுத்துவிட்டால் வரைபடத்தில் வெறும் ஊர்தான் இருக்கும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. செயலியில் இருந்த எண் அவளுடையது. "மேடம், விழுப்புரத்துலேர்ந்து வந்திருக்கோம். பியானோ இங்கன்னு காட்டுது, ஒண்ணுத்தையும் காணோமே?"

செல்வி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். வராண்டா படியில் பாக்கியலட்சுமி என்ற அந்த அம்மாவும், ஆறாவது படிக்கும் மகள் அபியும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை தலைவாரிப் பூ வைத்து, புதுச் சட்டை போட்டிருந்தது. செல்போன் திரையில் வருகிற பியானோவைத் தட்டியே நாலு பாட்டுப் பழகியிருக்கிறதாம்.

"நெசமானதுல ஒரு வாட்டி வாசிக்கணும்னு ஒரே நச்சு. அதான் கூட்டியாந்தேன்" என்றாள் பாக்கியலட்சுமி.

செல்வி நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா கோபப்படவில்லை. "நனைஞ்சிருந்தா இன்னா, பாக்கட்டும்" என்றாள்.

காவல்காரர் முருகையன் கொட்டகையைத் திறந்துவிட்டார். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே பியானோ நின்றது. அபி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினாள். அது கீழே போனது, மேலே வரவில்லை. சத்தமும் வரவில்லை. அடுத்ததை அழுத்தினாள். அதுவும் அப்படியே அமுங்கி நின்றது. மூன்றாவதற்கு அவள் கை போகவில்லை.

"ஓட்டல்ல ஒண்ணு இருக்குக்கா, கேட்டுப் பாக்கலாம்" என்றாள் செல்வி. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"வேணாம்மா. பஸ்ஸு கூட்டமாயிடும்."

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்த அபி, "அக்கா, நல்ல பியானோவுலயும் அம்புட்டு ஆழந்தான் போவுமா?" என்று கேட்டாள்.

"ஆமா, அவ்ளோதான். ஆனா திரும்பி மேல வந்துடும்."

அபி தன் தொடைமேல் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்துக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

செல்வி அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புள்ளியை அழித்தாள். அப்போதே முஆஸுக்குப் போன் போட்டு, செயலியை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னாள். மறுநாள் காலையில் தவளக்குப்பத்துப் பல் டாக்டர் ஒருவருக்கான செயலியின் வேலைக் குறிப்பு அவள் மேசையில் காத்திருந்தது. திறந்ததும் நோயாளியின் பெயர், வயது, செல்போன் எண் கேட்க வேண்டும் என்றிருந்தது. அவள் எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் கட்டங்களை வரையத் தொடங்கினாள்.