நெய்னா அங்கிளின் போர்ட்டோபெல்லோ

ஆமாம், எனக்கும் வாட்ஸ்அப்பில்தான் தெரியவந்தது. டெக்சாஸின் பிளானோவில், அலுவலக வாகன நிறுத்தத்தில் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். தமிழ்ச் சங்கக் குழுவில் ஒரே ஒரு வரி. நெய்னா முகமது அங்கிள் காலையில் மாரடைப்பில் காலமானார். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நானும் ஒன்றைப் போட்டுவிட்டு லிஃப்டில் ஏறினேன். பத்தரை மணிக் கூட்டத்தில் பேசவும் செய்தேன்.

உங்களில் பலருக்கு அவர் கீழக்கரைக்காரர். பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவின் புதிய குடியிருப்புகளுக்கு மழைநீர் வடிகால் அமைத்துத் தந்த பொறியாளர். சங்க விழாக்களில் பின்வரிசையில் உட்காருபவர். இளமையில் எட்டு ஆண்டுகள் ஸ்காட்லாந்தில் வாழ்ந்தவர் என்பது நம் ஆண்டு மலரில் வந்த கட்டுரைக்குப் பிறகுதான் தெரிந்திருக்கும். எடின்பரோவை ஒட்டிய போர்ட்டோபெல்லோ என்ற கடற்கரைப் புறநகரைப் பற்றிய கட்டுரை அது. அந்த மலரின் ஆசிரியர் நான்.

அவர் கொடுத்தவை கையால் எழுதிய பதினோரு பக்கங்கள். முட்புதர் மண்டிய நிலத்தில் தொடங்கின. வழிப்பறிக்குப் பயந்து ஆட்கள் வேகமாகக் கடந்துபோன இடம். பனாமாக் கரையில் நடந்த ஒரு சண்டையிலிருந்து திரும்பிய மாலுமி அங்கே ஒரு குடிசை கட்டி, சண்டை நடந்த துறைமுகத்தின் பெயரையே அதற்கு வைத்தாராம். பிறகு களிமண் கிடைத்தது. செங்கல் சூளைகள், பீங்கான் சூளைகள், கண்ணாடிப் புட்டித் தொழில். பிறகு கடலில் குளிக்க வந்த நகரத்துச் சீமான்கள். அவர்களுக்குப் பின்னால் டிராமில் வந்த மற்ற எல்லோரும். கடைசியில் எடின்பரோ அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. “ஆனால் அங்கே பிறந்தவரை எந்த ஊர் என்று கேட்டால் இன்றும் எடின்பரோ என்று சொல்ல மாட்டார்” என்று எழுதியிருந்தார்.

அவர் அங்கே போனது மணல் அரிப்பை ஆராய. கரை மணலைத் தோண்டிப் புட்டியாக்கினார்கள். கரை மெலிந்தது. பிறகு வேறிடத்திலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டிய மணல் தங்குகிறதா என்று எட்டு ஆண்டுகள் அளந்தவர் இவர்.

“தங்குச்சா அங்கிள்?”

“கொஞ்சம் தங்குச்சு, கொஞ்சம் போச்சு. பசங்க அதுலதானே வீடு கட்டி விளையாடுறாங்க. மணலுக்கு அது போதும்மா.”

அந்த ஊரில் ஒரு திறந்தவெளி நீச்சல் குளம் இருந்தது. இவர் போய்ச் சேர்வதற்குள் மூடிவிட்டார்கள். அங்கே அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா சொன்னதை வைத்து அதை எனக்கு நடித்தே காட்டினார். இந்திய மளிகைக் கடை வாசலில், இரண்டு கையிலும் பையோடு.

“பக்கத்துல பவர் ஸ்டேஷன். அந்தச் சூட்டுல குளத்துத் தண்ணிய காய வைக்கிறான். காய வச்சு, மெஷின் போட்டு அலை வர வைக்கிறான். சுவத்துக்கு அந்தாண்ட நிஜக் கடல் சும்மா அடிச்சிட்டிருக்கு! அதுல எறங்க மாட்டான். ஜில்லுனு இருக்குமாம். எல்லாரும் டிக்கெட் வாங்கிட்டு மெஷின் அலைக்கு கியூல நிக்கிறான்.”

“நீங்களா இருந்தா?”

“நான் முதல் ஆளா நிப்பேன். அந்தக் குளிர் உனக்குத் தெரியாது.”

ஒருமுறை ஃபிரிஸ்கோவில் ஒரு குடியிருப்புக்குப் பின்னாலுள்ள ஏரியைச் சுற்றி அவரோடு நடந்தேன். வீடு விற்கும் பலகையில் ஏரிக்கரை வாழ்வு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். “லேக்காம். நான் தோண்டின குழிம்மா இது. வீட்டுக்குள்ள மழைத்தண்ணி வரக்கூடாதுன்னு தோண்டினது” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “இங்க எல்லாம் நேத்துவரைக்கும் மாடு மேஞ்சுது. நம்ம ஆளுங்க ஆயிரம் பேர் வந்துட்டோம். ஒருத்தனாவது இந்த எடத்தப் பத்தி எழுதுறானா? சப்அர்ப்னா ஹிஸ்டரி கிடையாதுன்னு நெனச்சுட்டு இருக்கான்.”

இதுதான் அந்தப் பதினோரு பக்கங்களின் வாதம். எனக்கு அப்போது புரியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றரைப் பக்கம். ஸ்காட்லாந்துப் புறநகரின் செங்கல் சூளையைப் பற்றி டெக்சாஸில் யார் படிப்பார்கள் என்று நினைத்தேன். சூளைகளை வெட்டினேன். டிராமை வெட்டினேன். ஃபிரிஸ்கோவைப் பற்றிய கடைசிப் பகுதியையும் வெட்டினேன். முடிவு மொட்டையாக நின்றது. ஒரு வரி சேர்த்தேன்.

“போர்ட்டோபெல்லோ கடலைப் பார்க்கும்போதெல்லாம் என் கீழக்கரைக் கடல்தான் கண்ணில் நின்றது.”

அவரைக் கேட்கவில்லை.

மலர் வந்த மறுநாள் அழைத்தார். “நல்லா வந்திருக்கு. ஆனா அந்தக் கடைசி வரி... நான் அப்படி எழுதலையேம்மா.”

“சின்ன டச் அப்தான் அங்கிள். எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு.” இன்னொரு அழைப்பு வருகிறது என்று சொல்லித் துண்டித்தேன். எந்த அழைப்பும் வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்கள். சங்கச் செயலாளர் மலரை எடுத்து அந்த வரியைப் படித்தார். ஒருமுறை நிறுத்தி, மறுபடியும் படித்தார். பலர் அழுதீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். எழவில்லை.

நான்கு நாள் கழித்து அவர் மனைவி ஃபாத்திமா ஆன்ட்டியிடம் போய்ச் சொன்னேன்.

“தெரியுமே. அவர் அன்னைக்கே சொன்னார். ‘பொண்ணு நல்லா எழுதியிருக்கா, ஆனா அது நான் இல்ல’ன்னு.”

“கோவமா இருந்தாரா ஆன்ட்டி?”

“கோவம் இல்ல. சங்கடம். ஊர்லேர்ந்து அவங்க அக்கா ஃபோன் பண்ணி ஒரே அழுகை. இவ்ளோ ஆசைய மனசுல வச்சுக்கிட்டு ஏன்டா ஊருக்கே வரலைன்னு. இவரு என்ன சொல்வாரு? நான் எழுதலைன்னா சொல்ல முடியும்? ஆமாக்கா, ஆமாக்கான்னு கேட்டுட்டு வச்சாரு. அப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.”

இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

“இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லு. அவங்க அக்காவுக்கு வேணாம். அந்த வரிய பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்க. எம்பது வயசு. விட்டுரு.”

ஆகவே இதைப் படிக்கும் யாரும் கீழக்கரைக்கு அனுப்ப வேண்டாம். அந்தச் சுவரில் அது இருக்கட்டும். ஆனால் அவரைத் தெரிந்த நீங்கள் இனி அதை அவர் பெயரில் சொல்லாதீர்கள். அது என்னுடையது. நான் வெட்டிய அவருடைய கடைசி வரி இது: “அந்தக் கடல் எனக்கு வேறெந்தக் கடலையும் நினைவூட்டியதில்லை, அதனால்தான் எட்டு ஆண்டுகளும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது.”

அவருடையது என்று என்னிடம் இருப்பவை அந்தப் பக்கங்கள் மட்டும்தான். ஒன்பதரைப் பக்கங்களில் என் சிவப்புப் பேனாக் கோடுகள். கோட்டுக்கு அடியில் அவர் கையெழுத்து நன்றாகவே தெரிகிறது.

இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். மாலையில் ஃபாத்திமா ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.