மோடத்தை அணைத்துவிட்டுச் செய்த சோதனை

எனக்கு வாய் நீளம். ஆபீஸில் யாராவது அரைகுறையாகச் சோதித்துவிட்டு நிரலை ஏற்றினால் போனிலேயே வறுத்தெடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட நானே செய்த காரியம் இது.

நான் பிறந்தது மலைமேல் சக்குபள்ளத்தில், ஏலத்தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு லயம் என்று பெயர். தங்கை இன்றும் அங்கேதான் இருக்கிறாள். நான் சமவெளியில், கொழிஞ்சாம்பாறையில் வாக்கப்பட்டு, வீட்டிலிருந்தபடியே கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். மலைச்சரிவில் மழை அளவு கூடினால் தோட்டத்து ஆட்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் நிரல் அது. தங்கை இருக்கும் தோட்டத்தையும் அதில் சேர்த்திருந்தோம்.

எங்கள் நிரல் நேராக யாருக்கும் மெசேஜ் அனுப்பாது. மெசேஜ் அனுப்பும் நிறுவனத்தின் சர்வருக்கு இணையம் வழியாகக் கோரிக்கை வைக்கும், அந்த சர்வர் அனுப்பும். சோதிக்கும்போது அந்த உண்மையான சர்வரைத் தொடக் கூடாது. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் என் கணினிக்குள்ளேயே ஒரு தற்காலிக சர்வரைத் தொடங்கி, அதன் முகவரியை நிரலிடம் கொடுப்பேன். நிரல் அதை நம்பி அனுப்பும். அதுவும் வாங்கிக்கொண்டு ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும். வந்தது சரியா என்று பார்த்துவிட்டு சர்வரை அணைத்துவிடுவேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதை நான் பொய் சர்வர் என்பேன்.

மலையில் மழை வந்தால் முதலில் நெட் போகும். அதில் வளர்ந்தவள் என்பதால், நெட் இல்லாதபோது மெசேஜை ஒரு வரிசையில் சேர்த்துவைத்து, நெட் வந்ததும் தானாக அனுப்பும்படி எழுதியிருந்தேன். எழுதியது நான்தான் என்று பெருமை வேறு. இதைச் சோதிக்க மட்டும் நான் பொய் சர்வரைத் தொடங்கவில்லை. உண்மையான முகவரியை அப்படியே விட்டுவிட்டு மோடத்தை அணைத்துவிடுவேன். நெட்டே இல்லாதபோது கோரிக்கை எங்கே போய்விடப் போகிறது? மெசேஜ் வரிசையில் சேரும், சோதனை தேறும், வரிசையை அழித்துவிட்டு மோடத்தைப் போடுவேன். மாதக்கணக்கில் இதுதான் பழக்கம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தச் சோதனையில் ஒரு போன் எண் வேண்டியிருந்தது. பத்து இலக்கம் என்றதும் கை தானாகத் தட்டியது தங்கையின் எண்ணைத்தான். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றே.

ஆடி மாதம், பகல் நேரம். கொழிஞ்சாம்பாறையில் காற்று மட்டும்தான், மழை இல்லை. வழக்கம்போல் மோடத்தை அணைத்துவிட்டுச் சோதனையை ஓட்டினேன், தேறியது. அடுப்பில் பால் பொங்கும் வாசம் வந்தது. வரிசையை அழிக்காமலே எழுந்து ஓடினேன். திரும்பி வந்தபோது மோடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கணவர் அதன் பக்கத்தில் போனோடு நின்றிருந்தார். “நாந்தான் போட்டன் புள்ள. கொப்பர காயுது, மழ வருமான்னு பாக்கோணும்.”

திரையில் ஒரே வரி: அனுப்பப்பட்டது, ஒன்று.

அந்த மெசேஜில் இருந்ததும் நான் எழுதிய வாசகம்தான். மண் சரியும் அபாயம், லயத்தை விட்டு உடனே வெளியேறவும், கீழே பள்ளிக்கூடத்துக்குச் செல்லவும். தங்கைக்கு அப்போது எட்டு மாதம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அதைத் தாண்டச் சிறுவயதிலேயே எனக்குப் பயம்.

தங்கைக்குப் போன் போட்டேன். சிக்னல் எல்லைக்கு வெளியே என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டேன், அதே குரல். அவள் புருஷன் வேலைக்குப் போகும்போது போனை லயத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவன். கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

கடைசியில் தோட்டத்துக் கங்காணி எடுத்தார். சின்ன வயதிலிருந்தே என்னைத் தெரிந்தவர்.

“லயத்துல ஒரு ஆளும் இல்ல தாயி. ஒன் தங்கச்சி ஊடு ஊடாக் கதவத் தட்டி எல்லாரையும் கூட்டிட்டு எறங்கிட்டா. மத்த யாருக்கும் மெசேஜ் வரல, எனக்கும் வரல. கேட்டா, ‘எங்க அக்கா செஞ்சது, தப்பா வராது’ங்கா.”

வந்தது தப்பு மெசேஜ் என்று அவருக்குத் தெரியாது. சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். போனில் மழைச் சத்தம் பலமாகக் கேட்டது. “ஓடப்பக்கம் போய்ப் பாக்கேன்” என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம். ஜெபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் வார்த்தை மறந்துபோனது. ஓடையும் அவள் வயிறும்தான் கண் முன்னால் வந்தன. போன் அடித்தபோது எடுக்கவே பயந்தேன்.

“அக்கா, பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம். ஓடைல வழுக்கி உக்காந்துட்டேன். முட்டில தோலு போச்சு, வயித்துல ஒன்னுமில்ல, பிள்ள அசையுது.”

அழுதேன். அழுதபடியே உண்மையைச் சொன்னேன். “அது டெஸ்ட்டுடி. தெரியாமப் போயிருச்சு.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எல்லாரும் ஈரத்துணியோட உக்காந்திருக்காங்க. இவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றே அந்தச் சோதனையை மாற்றி எழுதினேன். இப்போது ஒரு பொய் சர்வரைத் தொடங்கி, உடனே அணைத்து, அந்தச் செத்த முகவரியைத்தான் நிரலிடம் கொடுக்கிறேன். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோரிக்கை என் கணினியைத் தாண்டாது. முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவளிடமிருந்து போன்.

“அக்கா, இப்ப ஒரு மெசேஜ் வந்துருக்கு. லயத்த விட்டுப் போகச் சொல்லுது. இது நெசமா, ஒன் டெஸ்ட்டா?”

அன்று நான் எதையும் ஓட்டவில்லை. ஆனாலும் நெசம் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மறுபடி பொய்யாகிவிட்டால்? “இருடி, பாக்கறேன்” என்றேன். என் வரிசையைத் திறந்து பார்த்தேன், காலி. ஆபீஸ் சர்வரின் பதிவைத் திறந்தேன். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பதிவில், எச்சரிக்கையை எழுப்பியது எது என்ற இடத்தில் தோட்டத்து மழைமானியின் பெயர் இருந்தது.

“நெசம்டி, ஓடு” என்றேன்.

அவர்கள் இறங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். மலை அன்று அசையவில்லை. ஆனால் நான் பார்த்து முடிக்கும்வரை என் தங்கை, பச்சைப் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி லயத்துக்குள்ளேயேதான் நின்றிருந்தாள். இருக்கச் சொன்னது நான்.