ஐம்பத்தாறும் ஐம்பத்தைந்தும்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு பூப்பந்துப் போட்டி நடந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம். எங்கள் ஐவர் அணியில் நான் பின்வரிசை. பகலில் விசைத்தறியில் வேலை. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை கரையேறியவன்.

ராயகிரி அணி முதலிலேயே இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. மிச்சம் ஓர் இடம். நாங்கள் பதினோரு ஆட்டத்தில் ஏழு ஜெயித்திருந்தோம். மழையில் மூன்று ஆட்டங்கள் நடக்காமல் போனதால் புளியங்குடி அணி ஆடியது எட்டு, ஜெயித்தது ஐந்து. ஆடியதில் யார் அதிகப் பங்கு ஜெயித்தார்களோ அவர்களுக்கே இடம் என்று போட்டியை நடத்திய அரிசி ஆலைக்காரர் சொல்லிவிட்டார்.

"நாங்க மூணுதான் தோத்திருக்கோம். நீங்க நாலு. பெறவு என்னவே பேச்சு?" என்றார் புளியங்குடி கேப்டன். ஆலைக்காரரும் தலையாட்டினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணாச்சி, கணக்குப் போட்டுப் பாத்திருவோம்."

"ஏலே, நீயா கணக்குப் போடுத?" என்று எங்கள் கேப்டனே சிரித்தான்.

கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை அள்ளித் தரையில் எழுதினேன். இந்தப் பக்கம் பதினொன்றில் ஏழு, அந்தப் பக்கம் எட்டில் ஐந்து. எங்கள் ஏழு வெற்றியை அவர்கள் எட்டால் பெருக்கினேன்: ஐம்பத்தாறு. அவர்கள் ஐந்தை எங்கள் பதினொன்றால் பெருக்கினேன்: ஐம்பத்தைந்து.

"இது என்ன குறுக்கும் நெடுக்கும்?" என்றார் ஆலைக்காரர்.

"ரெண்டு பேரும் எம்பத்தெட்டு ஆட்டம் ஆடுனதா வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. இதே வேகத்துல போனா நாங்க அம்பத்தாறு ஜெயிப்போம், அவுக அம்பத்தஞ்சு."

புளியங்குடி கேப்டன் குனிந்து, வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சரியாத்தாம்வே இருக்கு. நீங்களே ஆடுங்க," என்று கை கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ராயகிரியை மூன்றாவது செட்டில் ஜெயித்தோம். எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் புளியங்குடிக்காரர்களும் இருந்தார்கள். கோப்பையை வாங்கிய எங்கள் கேப்டன் அதை நேராக என் கையில் திணித்தான். கடைத்தெரு வழியாக நான்தான் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தேன்.